கட்டமாய் மாறிய ☧

கேள்வி: திருவிழா அழைப்பிதழில் ‘பி’யும் ‘எக்ஸ்’ஸும் பின்னிய சின்னத்தைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். அச்சகத்தில் வெறும் கட்டம்தான் வந்தது. ஏன்?
- ஒரு வாசகர், இலுப்பூர்

பதில்: அவை ஆங்கில எழுத்துகள் அல்ல. ‘கிறிஸ்தோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளான கி, ரோ. கிறிஸ்தவர்களுக்கு முன்பே கிரேக்கர்கள், ஏட்டில் பயனுள்ள பகுதியைக் குறிக்க ஓரத்தில் இப்படி எழுதியதுண்டு. 4ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் படைக்கொடியில் ஏற்றிய பிறகு எங்கும் பரவியது.

எழுத்துகளைக் கூட்டிக் குறியாக்குவது நமக்குப் புதிதா? பழைய பத்திரங்களில் வருடத்துக்கு ௵ என்று போட்டிருப்பார்களே, அதேதான். கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் நம் ௵ ஏறியது 2003இல். ☧ அதற்கும் முன்பே, 1991இல் 2627 என்ற எண்ணுடன் இடம்பிடித்துவிட்டது. (அந்தப் பன்னிரண்டு ஆண்டுத் தாமதம் எனக்கு இன்னும் உறுத்தல்தான்.)

நீங்கள் அனுப்பியது அந்த எண் மட்டுமே. வடிவத்தைத் தர வேண்டியது எழுத்துரு. அச்சகத்தின் எழுத்துருவில் அது இல்லை, அதனால் கட்டம். வேர்டில் 2627 என்று அடித்து ஆல்ட், எக்ஸ் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். ‘தேஜாவூ சான்ஸ்’ எழுத்துருவில் வைத்து, பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். ☧ அப்படியே விழும்.