ஓர் இந்தியக் கிராமத்தின் கணக்கை வாசிப்போம்

தலயாத்திரைக்காக இந்தியா செல்லும் எமது குடும்பங்கள், கோயிலுக்குப் போகும் வழியில் எத்தனையோ சிறு கிராமங்களைக் கடந்து செல்கின்றன. அக்கிராமம் ஒவ்வொன்றுக்கும் இந்தியக் குடிசனக் கணக்கெடுப்பில் ஒரு வரி உண்டு. அந்த வரியை எப்படி வாசிப்பது என்று இம்முறை பார்ப்போம்.

இந்தியாவில் நாடு முழுவதும் ஒரே காலத்தில் நடந்த முதற் கணக்கெடுப்பு 1881 ஆம் வருடத்தது. அன்று தொட்டு 2011 வரை பத்து வருடங்களுக்கு ஒருமுறை தவறாமல் நடந்து வந்தது. 2011 இல் சனத்தொகை 121 கோடி. அதில் 83 கோடிக்கு மேற்பட்டோர் கிராமவாசிகள். கிராமங்களோ 6,40,000 க்கும் அதிகம். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் ஆறு இலக்க எண் ஒன்று கொடுக்கப்பட்டது. இவற்றுள் ஏறக்குறைய 43,000 கிராமங்களில் ஒருவரும் குடியிருக்கவில்லை. வட இந்திய நிலப் பதிவுகளில் இத்தகைய ஊரை 'பேசிராக்' என்பர். விளக்கில்லாத ஊர் என்பது அதன் பொருள்.

வரியில் குடும்பங்களின் தொகை, மொத்தச் சனத்தொகை, ஆண், பெண், ஆறு வயது வரையான பிள்ளைகள் என்பன வரும். எழுத்தறிவைப் பார்க்கும்போது கவனம் வேண்டும். 500 பேர் உள்ள ஊரில் 60 பேர் ஏழு வயதுக்குக் குறைந்தவர்கள், எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் 330 பேர் என்று வைத்துக்கொள்வோம். 330 ஐ 500 ஆல் அல்ல, 440 ஆல் பிரிக்க வேண்டும். விடை நூற்றுக்கு 66 அல்ல, 75.

போக்குவரத்துக்கு வேறோர் அட்டவணை உண்டு. பஸ் வருகிறதா, புகையிரத நிலையம் உண்டா என்று அதில் காணலாம். ஊரில் இல்லையென்றால் எவ்வளவு தூரத்தில் உண்டு என்பதற்கு மூன்று குறிகள்: 5 கிலோமீற்றருக்குள், 5 முதல் 10 வரை, 10 க்கு மேல். மூன்றாவது குறி விழுந்த ஊரிலே பிரசவ வேதனைப்படும் பெண்ணின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இவ்விரு அட்டவணைகளுக்கும் தொடர்பு உண்டு. 2000 டிசம்பர் 25 இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், மழைக்காலத்திலும் பாவிக்கக்கூடிய தெருவை யாருக்குப் போடுவது என்பதைச் சனத்தொகையைக் கொண்டே முடிவு செய்தது. சமவெளியில் 500 பேர், மலை, பாலைவன, பழங்குடிப் பகுதிகளில் 250 பேர் இருக்க வேண்டும். தனித்தனியே 310, 210 பேர் கொண்ட இரு குடியிருப்புகள் தகுதி பெறா. ஆனால் சமவெளியில் 500 மீற்றருக்குள் இருப்பவற்றைச் சேர்த்துக் கணக்கிடலாம் என்பது விதி. அப்படிச் சேர்த்தால் 520, தெரு கிடைக்கும். ஆகவே எண்ணுபவர் ஒரு வீட்டைத் தவறவிட்டால், ஓர் ஊரே தெருவை இழக்கக்கூடும்.

2021 இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு கொரோனா நோயினால் நடைபெறவில்லை. அதனால் 2024 செப்ரெம்பரில் அனுமதிக்கப்பட்ட நான்காம் கட்டம், 25,000 குடியிருப்புகளை இணைக்க 2011 ஆம் வருடத் தொகையையே அடிப்படையாகக் கொண்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் அக்கணக்கில் இல்லை. பெரும்பாலான பகுதிகளுக்கு 2027 மார்ச் 1 ஐக் கணக்கு நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடக்கும் என 2025 இல் அறிவிக்கப்பட்டது.

எண்ணப்படாமல் இருப்பது என்னவென்று எமக்குத் தெரியும். இலங்கையில் 1981 இன் பின்னர் நாடு முழுவதையும் உள்ளடக்கிய கணக்கெடுப்பு 2012 இலேயே நடந்தது. 2001 இல் 25 மாவட்டங்களில் 18 மட்டுமே முழுமையாக எண்ணப்பட்டன. வடக்கும் கிழக்கில் பெரும்பகுதியும் விடுபட்டன. இன்று வாழும் நாட்டில் குடிசனப் படிவம் வீட்டுக்கு வரும்போது, பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒருவரையும் விடாமல் எழுதுவோம்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி: ஓர் ஊரில் 600 பேர்; ஏழு வயதுக்குக் குறைந்தோர் 80; எழுத்தறிந்தோர் 416. எழுத்தறிவு நூற்றுக்கு எத்தனை?