கழறல் என்னுஞ் சொல்

அறிவுரை கூறுதலைக் குறிக்குந் தமிழ்ச் சொற்கள் பல. அவற்றுள் 'கழறல்' என்பது சொல்லுதல் என்னும் பொதுப்பொருளிலும், அன்புடையார் நெருங்கி நின்று இடித்துரைத்தல் என்னுஞ் சிறப்புப்பொருளிலும் வழங்கும். இவ்விரண்டனையும் வேறுபிரித்துணராவிடின் அடியார் ஒருவரது திருப்பெயரே பொருள் திரியும்.

சேரமான் பெருமாள் நாயனாரைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையுட் கழறிற்றறிவார் என்று போற்றினர். ஈண்டு இடித்துரைத்தற் பொருளைக் கொள்வோமாயின், பிறர் கடிந்து கூறிய பின்னரே அறிவு பெற்றவர் என்றாகும். அஃது அவர் வரலாற்றோடு முரணும். கழறிற்று என்பது கழறியது என்னும் பொருட்டு, இரண்டனுருபு தொக்கது. எவ்வுயிர் எதனைச் சொல்லினும் அதனை அறியும் வன்மையை இறைவன் அருளப் பெற்றவர் என்பதே சேக்கிழார் பெருமான் காட்டும் பொருள்.

இனிச் சிறப்புப்பொருளுக்கு இடம் அகத்திணை. தலைவன் மெலிவு கண்ட பாங்கன் கழறுவான். தலைவன் அதனை மறுப்பான். இம்மறுப்பிற்குக் கழற்றெதிர்மறை என்று பெயர். குறுந்தொகை 58 ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் கூறிய உவமையை நாம் பலகாற் சிந்தித்ததுண்டு. வெயில் காயும் பாறைமேல் வெண்ணெய்; காவல் இருப்பவனோ கையற்ற ஊமன். அவனுக்குக் கண் உண்டு என்பதை நோக்குக. வெண்ணெய் உருகுவதை அவன் அறியாதவனல்லன். எடுக்கக் கையில்லை, கூவ வாயில்லை. அறியாதானுக்கு அறிவுரை உதவும். அறிந்தும் மாட்டாதானுக்கு அஃது என் செய்யும்?

திருக்கோவையாரிற் பாங்கற்கூட்டத்துள் கழறியுரைத்தலை அடுத்தே கழற்றெதிர்மறுத்தல் வருகின்றது. நீ அவளைக் கண்டிலை, கண்டனையாயிற் கழறாய் என்பதே தலைவன் விடையின் கருத்து. பின்னர்ப் பாங்கன் தானே சென்று காண்கின்றான். நம்பியகப்பொருள், அவன் தலைவனை இகழ்ந்ததற்கு இரங்குதலையும் ஒரு கிளவியாக வைத்தது. காணாது கூறிய அறிவுரை, கண்டபின் கூறினானுக்கே இரக்கமாய் முடிந்தது!

குருவின் மொழியையும் கழறல் என்னலாமோ எனின், ஆகாது. சிவஞானபோதம் எட்டாஞ் சூத்திரத்தில் மெய்கண்டதேவர் உணர்த்துதல் என்னுஞ் சொல்லையே ஆண்டனர். ஐம்புலன்களாகிய வேடரிடை வளர்ந்து தன்னை மறந்தாய் என்று அங்கும் குற்றம் சுட்டப்படுகின்றது. உண்மைதான். ஆயினும் பாங்கன் புறத்தே நிற்பவன், தலைவனது நோயைத் தான் அறியாதவன். குருவோ உயிர்க்குயிராய் அகத்தே நின்ற முதல்வனே. தவம் முதிர்ந்த காலத்து அவனே குருவாய் வெளிப்படுகின்றான். நோயை முன்னரே உடனிருந்து கண்டவன் பேசுதலின், அவன் உரைக்கு எதிர்மறை இல்லை. உயிர் அவ்வேடரை விட்டுத் திருவடி சேர்தலே அதற்கு மறுமொழி.