செய்தித்தாள் வழியே ஆங்கிலம்: மிச்சம் என்ன?

மும்பையில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறார்கள். ஆனால் ஆங்கிலப் பத்திரிகையின் முதல் பக்கத்தைக் கொடுத்து அர்த்தம் சொல்லச் சொன்னால், சில வார்த்தைகளில் தடுமாறி நின்றுவிடுகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த எனக்கும் அதே கதிதான். தண்டவாளமும் பாலமும் பற்றிய ஆங்கிலம் தெரியும். கோர்ட்டும் பாங்கும் பேசும் ஆங்கிலம் தெரியாது. அகராதியை வைத்து உருப்போட்டுப் பார்த்தேன், மனதில் நிற்கவில்லை. செய்தியோடு சேர்த்துப் படித்தவை மட்டும் நின்றன. அவற்றில் மூன்றை இங்கே தருகிறேன். ஒவ்வொரு வார்த்தையிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ வந்து போன பிறகு மிச்சம் என்ன?"

1. கம்யூட்

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய மூவரின் தூக்குத் தண்டனையை 2014 பிப்ரவரி 18 அன்று சுப்ரீம் கோர்ட் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கருணை மனுக்களின் மீது முடிவெடுக்க 11 ஆண்டுகள் தாமதமானதே காரணம். ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதிய வார்த்தை 'கம்யூட்'. ஒன்றை வேறொன்றாக, இலேசானதாக மாற்றுவது என்று பொருள். அன்று பலரும் "விடுதலையாமே" என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் தூக்குதான் போயிற்று. ஆயுள் தண்டனை மிச்சம் இருந்தது. பேரறிவாளனை விடுதலை செய்யும் உத்தரவு 2022 மே 18 அன்றுதான் வந்தது. எட்டு ஆண்டுகளுக்கும் மேல்! மிச்சம் எதுவும் இல்லாமல் மன்னிப்பதற்கு 'பார்டன்' என்று பெயர். தண்டனையின் தன்மையை மாற்றாமல் காலத்தை மட்டும் குறைப்பது 'ரெமிஷன்'.

இந்த வார்த்தை நமக்குப் புதியதல்ல. பென்ஷன்காரர்கள் 'கம்யூடேஷன்' வாங்குகிறோமே, அதுவும் இதுதான். மத்திய அரசுப் பென்ஷனில் 40 சதவீதம் வரை மொத்தத் தொகையாக மாற்றிக்கொள்ளலாம். மாதப் பென்ஷன் அந்த அளவுக்குக் குறையும். 15 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் முழுமையாகும். இன்னொன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில்வேக்கள் தினசரிக் கட்டணத்தைக் குறைந்த மொத்தத் தொகையாக மாற்றிக் கொடுத்த சீசன் டிக்கெட்டுக்கு 'கம்யூடேஷன் டிக்கெட்' என்று பெயர். அதை வைத்திருந்தவர் 'கம்யூட்டர்' ஆனார். டோம்பிவிலியிலிருந்து பாஸ் எடுத்துத் தினமும் வந்து போகிறவருக்கும் அதே பெயர்தான்!

2. மாரட்டோரியம்

இந்த வார்த்தையைக் கற்க என் குடும்பம் காசு கொடுத்தது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி கடன் தவணைகளுக்கு மூன்று மாத மாரட்டோரியம் அறிவித்தது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்த என் மகன், "என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டான். "தவணையை விட்டுக்கொடுக்கிறார்கள், கட்டாதே" என்றேன். கையில் பணம் இருந்தும் ஆறு மாதம் கட்டவில்லை. பிறகு கணக்கைப் பார்த்தால், நின்றது ஆறு தவணை, கூடியது அதைவிட அதிகம். வட்டி ஒரு நாளும் நிற்கவில்லை. தவறு என்னுடையது. அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

'மோரா' என்றால் லத்தீன் மொழியில் தாமதம். ஆகவே மாரட்டோரியம் என்பது தள்ளிப்போடுவது, தள்ளுபடி அல்ல. கடன் முழுவதும் மிச்சம். சம்பளம் நின்றுபோனவர்களுக்கு அது பெரிய உதவி. கட்ட முடிந்தவர்களுக்கு நஷ்டம். தள்ளுபடிக்கு உரிய வார்த்தை 'வெய்வர்'. 2008 மத்திய பட்ஜெட்டில் சிறு, குறு விவசாயிகளின் கடனுக்கு அறிவித்தது அதுதான்.

3. அபேயன்ஸ்

1960-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை 'அபேயன்ஸ்' நிலையில் வைப்பதாக 2025 ஏப்ரல் 23 அன்று இந்தியா அறிவித்தது. "ஒப்பந்தம் ரத்து" என்று சிலர் மொழிபெயர்த்தார்கள். அது சரியல்ல, நிறுத்தி வைப்பது என்பதே பொருள். எங்கள் பாஷையில் சொன்னால், சிவப்பு சிக்னலில் நிற்கும் ரயில் ஓடவில்லை. ஆனால் கான்சலும் ஆகவில்லை. அடியோடு நீக்குவதற்கு 'அப்ரோகேட்' என்ற வார்த்தை உண்டு. 2019 ஆகஸ்டில் அரசியல் சட்டத்தின் 370-ஆவது பிரிவு பற்றிய செய்திகளில் அதைப் பார்த்திருப்பீர்கள்.

பயிற்சி

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: செய்தியும் தேதியும், வார்த்தை, மிச்சம் என்ன. பக்கத்திலேயே அதன் எதிர் ஜோடியையும் எழுதுங்கள். வாரத்துக்கு இரண்டு வார்த்தை போதும். வருடத்தில் நூறைத் தாண்டும். முதல் வாரத்துக்கு இவை: 'பெயில்' - 'அக்விட்டல்', 'சஸ்பென்ஷன்' - 'டிஸ்மிஸல்'. ஒவ்வொரு ஜோடியிலும் எதில் மிச்சம் இருக்கிறது, எதில் இல்லை என்று குழந்தைகளையே சொல்லச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு ஒன்று. பிள்ளைகள் அர்த்தம் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, சேர்ந்து அகராதியைப் புரட்டுங்கள். நான் அன்று அப்படிச் செய்திருந்தால் என் மகனுக்கு அத்தனை தவணை மிச்சமாகியிருக்கும்.