கதவு மாறியதால் மூடிய ரயில் நிலையம்

ரயில்வே இன்ஜினியரிங் பாடத்தில் 'வெர்சைன்' என்று ஒன்று வரும். சின்னக் கணக்குதானே என்று நம்மில் பல பேர் சாய்ஸில் விட்டுவிடுவோம். அந்தக் கணக்கு ஒரு ரயில் நிலையத்தையே மூடவைத்த கதை இது.

நியூயார்க்கில் சுரங்க ரயில் சேவை 1904 அக்டோபர் 27 அன்று சிட்டி ஹால் நிலையத்தில்தான் ஆரம்பமானது. தொடங்கி வைக்க வந்த மேயர் மெக்லெல்லன், டிரைவரிடம் கைப்பிடியைக் கொடுக்க மனமில்லாமல் வெகுதூரம் தானே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்!

அழகான நிலையம் அது. சிவில் நண்பர்கள் அதன் கூரையைக் கவனிக்க வேண்டும். ஸ்பெயினிலிருந்து வந்த குவாஸ்டவினோ குடும்பத்தாரின் முறை. மெல்லிய ஓடுகளை சிமென்ட் கலவையில் அடுக்கடுக்காக ஒட்டியே வளைவு எழுப்பிவிடுவார்கள். நம்ம ஊர் கான்கிரீட் மாதிரி முழு சென்டரிங் அடிக்க வேண்டியதில்லை. நடுவே கண்ணாடிச் சாளரங்கள், பித்தளைத் தொங்குவிளக்குகள்.

ஆனால் வண்டிகள் வட்டமடித்துத் திரும்பும் லூப்பில் அந்த நிலையம் இருந்தது. பிளாட்பாரம் வளைவின் வெளிப்பக்கம். நேரான பெட்டி அங்கே நின்றால் இரண்டு முனைகளும் பிளாட்பாரத்தை ஒட்டி வரும். நடுப்பகுதி விலகி நிற்கும். எவ்வளவு விலகும்? அதுதான் வெர்சைன்: நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு 50 அடிப் பெட்டி, 150 அடி ஆரம் என்று போட்டுப் பாருங்கள். 2500-ஐ 1200-ஆல் வகுத்தால் 2 அடிக்கு மேல் வருகிறது. குழந்தை விழுந்துவிடும் இடைவெளி!

ஆரம்பத்தில் பெட்டியின் முனைகளில் மட்டும் கதவு இருந்ததால் பிரச்சினை தெரியவில்லை. கூட்டம் சீக்கிரம் ஏறி இறங்க நடுவிலும் கதவு வைத்தார்கள். வந்தது வினை. வேறு சில நிலையங்களில் நகரும் பலகை வைத்துச் சமாளித்தார்கள். இங்கே அந்தச் செலவுக்கு நியாயம் இல்லை. கூப்பிடு தூரத்திலேயே புரூக்ளின் பிரிட்ஜ் நிலையம். அங்கே எக்ஸ்பிரஸ் வண்டியும் நிற்கும். ஜனம் அங்கேதானே போகும்? 1945 டிசம்பர் 31 அன்று சிட்டி ஹாலை மூடிவிட்டார்கள்.

இடிக்கவில்லை. 1979-ல் பாதுகாக்க வேண்டிய சின்னமாக அறிவித்தார்கள். 6-ம் எண் வண்டி இன்றும் அந்த வளைவில்தான் திரும்புகிறது, நிற்காமல்.