‘ஸ்லோ’ என்பவரும் தூக்கம் வராதவரும்

கேள்வி: சனிக்கிழமை ராத்திரிகளில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பேய்ப்படம், த்ரில்லர் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். பார்த்து முடித்ததும் சண்டைதான். ‘பிரமயுகம்’ போட்டபோது என் கணவர் அரை மணி நேரத்தில் போனை எடுத்துவிட்டார். “ரொம்ப ஸ்லோ, மம்முட்டிக்காகப் பார்க்கலாம்” என்றார். கல்லூரியில் படிக்கும் மகன், இதைவிடப் பயங்கரமான படமே கிடையாது என்று ‘ஹெரிடிட்டரி’யைப் போட்டான். கடைசியில் என்ன நடக்கிறதென்றே எனக்குப் புரியவில்லை. சில இடத்தில் சிரிப்புகூட வந்துவிட்டது. ‘காஞ்சனா’வுக்குக் கைதட்டிச் சிரிக்கிற என் மாமியார், ‘பூதகாலம்’ பார்த்த அன்று ஹால் லைட்டை அணைக்கவே விடவில்லை. அதே படத்தை என் கணவர் “இதுல பேயே வரலையே” என்கிறார். ‘ராட்சசன்’ இரண்டாம் முறை பார்த்தும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. ஆனால் கொலைகாரனின் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் அந்தப் பயம் போய்விட்டது. இதில் யார் சொல்வது சரி? எங்களுக்கு ரசனை போதவில்லையா, படங்கள்தான் சரியில்லையா? ‘டிமான்டி காலனி’ முதல் பாகம் எல்லோருக்கும் பிடித்தது. இரண்டாம் பாகம் போடலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ரசனைக்கு ஒரு குறையும் இல்லை. சும்மா பொழுதுபோக்குக்குப் படம் பார்க்கிறவர் “இந்த இடத்துல விட்டுப்போச்சு” என்று சொன்னால், அவர் காட்டும் இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஏன் விட்டுப்போனது என்று அவர் சொல்லும் காரணத்தைத்தான் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டுத் தீர்ப்புகளையும் அந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

முதலில் உங்கள் கணவர். ‘பிரமயுகம்’ 2024-இல் வந்த படம், ராகுல் சதாசிவன் இயக்கியது. 17ஆம் நூற்றாண்டு மலபார். உயிர் தப்பி ஓடிவரும் தேவன் என்ற பாணன் ஒரு பாழடைந்த மனைக்குள் நுழைகிறான். உள்ளே கொடுமண் போற்றியும் ஒரு சமையல்காரனும் மட்டும் இருக்கிறார்கள். வெளியே விடாத மழை. முழுப் படமும் கருப்பு வெள்ளை. போற்றி அவனைத் தாயக்கட்டை உருட்டக் கூப்பிடுகிறார். பணயம் வைக்க அவனிடம் எதுவும் இல்லை. உன் காலத்தை வை என்கிறார். திரையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், கட்டை உருளுகிறது, அவ்வளவுதான். அவன் இனி அந்த வீட்டை விட்டுப் போக முடியாது என்பது அந்த ஆட்டத்தில் முடிவாகிவிடுகிறது. அந்த நேரம் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பதுபோலத்தான் தெரியும். “ஸ்லோ” என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்?

பல தமிழ்ப் படங்களை அரைக் கண்ணால் பார்த்தாலும் கதை கைவிட்டுப் போகாது. முக்கியமான சங்கதியை வசனத்தில் ஒரு தடவை, பின்னணி இசையில் ஒரு தடவை, பக்கத்தில் நிற்கும் நண்பனின் வாயால் இன்னொரு தடவை சொல்லிவிடுவார்கள். அது குறையல்ல, கூட்டமும் சத்தமுமாக இருக்கும் அரங்குக்காகப் பழகிப்போன முறை. ‘பிரமயுகம்’ எதையும் திருப்பிச் சொல்லாது. ஆனாலும் உங்கள் கணவர் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. அந்தப் படத்தின் நடுப்பகுதி ஒரே முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்பது என் அபிப்பிராயமும்கூட.

‘பூதகாலம்’ விஷயத்தில் நான் உங்கள் மாமியார் கட்சி. அதுவும் ராகுல் சதாசிவன் எடுத்ததுதான். 2022 ஜனவரியில் தியேட்டருக்குப் போகாமல் நேரே ஓடிடியில் வந்தது. படுக்கையில் கிடந்த பாட்டி இறந்துபோகிறாள். மிச்சம் இருப்பது ரேவதி நடித்த அம்மாவும், ஷேன் நிகம் நடித்த வேலை கிடைக்காத மகனும். அம்மாவுக்கு மன அழுத்தம், மகனுக்குக் குடி. ராத்திரி ஏதோ சத்தம் கேட்கிறது என்று மகன் சொன்னால் யாரும் நம்புவதில்லை. குடித்துவிட்டு உளறுகிறான் என்று அக்கம்பக்கம் நினைக்கிறது, அம்மாவும் அப்படியே நினைக்கிறாள். பேய் இருக்கிறதா, மனசுதான் கெட்டுப்போயிருக்கிறதா என்ற கேள்வியைப் படம் கடைசிப் பகுதி வரை இழுத்துக்கொண்டு போகிறது. அதுவரை நாம் பார்ப்பது சாப்பாட்டு மேஜை, மருந்துப் பட்டை, மூடின கதவு, ஒரே கூரையின் கீழ் முகம் கொடுத்துப் பேசாத இருவர். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்தவர்களுக்கும், பெரியவர் ஒருவர் போன பிறகு அந்த அறைக்குள் நுழையத் தயங்கினவர்களுக்கும் இது எங்கே தொடும் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் கணவர் பேயைத் தேடிக்கொண்டிருந்தார். உங்கள் மாமியார் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘காஞ்சனா’வுக்கு அவர் சிரித்ததும் சரியான பதில்தான். 2011-இல் ராகவா லாரன்ஸ் எடுத்த அந்தப் படத்தின் நாயகன் பொழுது சாய்ந்தால் நடுங்குகிற வளர்ந்த ஆள். ராத்திரியில் அம்மா துணையில்லாமல் எங்கேயும் போகமாட்டான். கோவை சரளாவின் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்கிற நாயகனை வைத்துக்கொண்டு நம்மைச் சிரிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. பிற்பாதியில் பேயின் கதை வருகிறது, அழ வைக்கிறது, பழிவாங்கும்போது விசில் பறக்கிறது. பயமுறுத்துவது அதன் பல வேலைகளில் ஒன்று மட்டும்.

இப்படிப்பட்ட படங்கள் தமிழில் ஏன் வரிசை கட்டுகின்றன என்பதற்குக் காசுக் காரணமும் உண்டு. ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய படத்தைத் தொலைக்காட்சியில் அப்படியே ஒளிபரப்ப முடியாது. குழந்தைகளோடு குடும்பம் வராவிட்டால் தியேட்டரிலும் இழப்பு. ஆகவே பேயோடு காமெடியும் குத்துப்பாட்டும் சேர்ந்தே வருகின்றன. பேய்க்கும் ஒரு நியாயம் வேண்டும் என்பது நம் எழுதாத விதி. அநியாயமாகச் செத்தவர்தான் பேயாக வருவார். அவர் கதையைக் கேட்டதும் நமக்கு இரக்கம் வந்துவிடுகிறது. இரக்கம் வந்த ஆளிடம் பயம் எப்படி நிற்கும்?

‘ராட்சசன்’ பற்றி நீங்கள் எழுதியதும் இதே இடத்தைத்தான் தொடுகிறது. 2018-இல் ராம்குமார் இயக்கிய அந்தப் படத்தில் பரிசுப் பெட்டியைத் திறந்தால் சிதைந்த பொம்மைத் தலை இருக்கும். அதை வைத்தவன் யார், எதற்கு வைத்தான் என்று ஒன்றும் தெரியாதவரை அந்தப் பெட்டி ஜிப்ரான் இசையோடு சேர்ந்து வயிற்றைப் பிசைகிறது. பிறகு கொலையாளியின் பள்ளிக்கூடக் காலக் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். ‘இதனால்தான் இப்படி ஆனான்’ என்று காரணம் கிடைத்ததும் ராட்சசன் மனிதனாகிவிடுகிறான். உங்கள் உள்ளங்கை காய்ந்தது அங்கேதான். நீங்கள் காட்டிய இடம் மிகச் சரி. என்னைக் கேட்டால் அந்தப் பின்கதையைப் பாதியாக வெட்டியிருக்கலாம்.

ஆனால் ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் த்ரில்லர் செத்துவிடும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். “முன்னாடியே கண்டுபிடிச்சிட்டேன், படம் வேஸ்ட்” என்று சொல்லும் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவரிடம் ஜீத்து ஜோசப்பின் ‘திரிஷ்யம்’ படத்தைப் பற்றிக் கேளுங்கள். 2013-இல் மலையாளத்தில் வந்தது. 2015-இல் கமல்ஹாசனை வைத்து அவரே ‘பாபநாசம்’ என்று தமிழில் எடுத்தார். கொலை எப்படி நடந்தது, யார் கையால் நடந்தது என்பதெல்லாம் நம் கண் முன்னாலேயே நடக்கிறது. நமக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியாது. நாயகனின் சின்ன மகளை உட்காரவைத்து விசாரிக்கும்போது நாம் மூச்சைப் பிடித்துக்கொள்வது, நமக்கு எல்லாம் தெரிந்திருப்பதால்தான். ‘போர் தொழில்’ (2023) பாதி வழியிலேயே ஒரு முகத்தைக் காட்டிவிட்டு அதற்கப்புறமும் நம்மை உட்கார வைத்தது. ‘ராட்சசன்’ இரண்டாம் முறையும் உங்களுக்கு வேர்த்தது என்றீர்களே, அப்போது மட்டும் கொலைகாரன் யாரென்று தெரியாதா என்ன? ஒரு த்ரில்லர் தேறுமா என்று பார்க்க இரண்டாம் முறை போட்டுப் பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

‘ஹெரிடிட்டரி’ விஷயத்தில் உங்களுக்குப் பெரிய கூட்டமே துணை. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம், படம் வெளியாகும் நாளில் தியேட்டருக்கு வந்தவர்கள் கையில் அட்டையைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்கிறது. 2018-இல் ஆரி ஆஸ்டரின் இந்தப் படத்தை விமர்சகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். அட்டையில் விழுந்ததோ ‘டி பிளஸ்’. அதே நிறுவனத்தின் கணக்கில் 2013-இல் வந்த ‘தி கான்ஜுரிங்’ வாங்கியது ‘ஏ மைனஸ்’. ஒன்று நல்ல படம், இன்னொன்று மோசமான படம் என்று இதற்கு அர்த்தமில்லை. ‘கான்ஜுரிங்’ கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறது: பேய் வரும், விரட்டுகிறவர்கள் வருவார்கள், குடும்பம் பிழைக்கும், நாம் நிம்மதியாக வண்டியை எடுக்கலாம். ‘ஹெரிடிட்டரி’ ஒரு வீட்டுச் சாவையும் அதன் குற்ற உணர்ச்சியையும் பற்றிய படம். பேய்ப்படம் என்று விளம்பரம் செய்து விற்றார்கள். நிம்மதி எதையும் தராமல் அனுப்பிவிடுகிறது.

அதில் காரில் ஒரு சம்பவம் நடக்கிறதல்லவா? அதற்குப் பிறகு கேமரா பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோன பையனின் முகத்திலேயே நிற்கிறது. அவன் மெதுவாக வண்டியை வீட்டுக்கு ஓட்டி, ஒருவரிடமும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொள்கிறான். விடிந்ததும் அம்மாவின் அலறல் நம் காதில் விழுகிறது. அப்போதும் திரையில் அவன் முகம்தான். உங்கள் மகன் இதைத்தான் பயங்கரம் என்கிறான் என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்வது கடைசி அரை மணி நேரத்தை. இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை. படத்தின் வேறு வேறு பகுதியைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சிரிப்பு வந்ததற்குக் கூச்சப்படாதீர்கள். அடக்கி வைத்த பதற்றம் சில சமயம் சிரிப்பாகத்தான் வெளியே வரும்; அந்தப் படத்தின் முடிவு அதற்குப் போதுமான இடமும் கொடுக்கிறது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் சண்டையில் பாதிக்கு உங்கள் டிவிதான் காரணமாக இருக்க வேண்டும். திகில் படத்தின் அடித்தளம் தாழ்ந்த ஸ்தாயி ஒலி. தியேட்டரில் அதற்கென்று தனித் தடமும், தரையை அதிர வைக்கிற சப்வூஃபரும் உண்டு. வீட்டு டிவியில் இரண்டு சின்ன ஸ்பீக்கர். அவையும் பெரும்பாலும் கீழே பார்த்தோ, சுவரைப் பார்த்தோ இருக்கும். பல தட ஒலியை இரண்டு தடமாகச் சுருக்கும்போது அந்தத் தாழ்ஒலித் தடத்தையே கழித்துவிடுவது வழக்கம். ஆகவே உங்களுக்கு வருவது கிசுகிசுப்பும் அலறலும் மட்டும். கிசுகிசுப்பு கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டுகிறீர்கள். திடீரென்று கதவு அறைகிறது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்குமே என்று பதறிக் குறைக்கிறீர்கள். ரிமோட் கையில் இருக்கிறவருக்குப் பயம் வராது. அவர் படத்தைப் பார்க்கவில்லை, வால்யூமுக்குக் காவல் இருக்கிறார்.

இருட்டுக் காட்சி அதைவிடப் பாவம். டியூப்லைட் எரியும் ஹாலில் ‘பிரமயுகம்’ பார்த்தால் பாதி நேரம் திரையில் உங்கள் வீட்டு ஜன்னல்தான் தெரியும். டிவி மெனுவில் மோஷன் ஸ்மூத்திங் என்றோ, கம்பெனிக்குக் கம்பெனி வேறு ஏதோ பெயரிலோ ஒன்று இருக்கும். படத்தை வழவழவென்று சீரியல்போல் ஆக்குவது அதுதான். அணைத்துவிடுங்கள். விவிட் என்று இருந்தால் சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் என்று மாற்றுங்கள். சுமாரான ஒரு சவுண்ட்பார் இருந்தாலே வித்தியாசம் தெரியும். இல்லாவிட்டால் உங்கள் மகனின் ஹெட்போன் போதும். 1960-இல் ‘சைக்கோ’ வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்காரர்களிடம் ஹிட்ச்காக் கறாராகச் சொல்லியிருந்தார். உங்கள் வீட்டில் அந்தக் கறாரை யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். காபி போட எழுந்து போகிறவர் பாஸ் போட்டுவிட்டுப் போகட்டும், போன்கள் சமையலறையில் இருக்கட்டும்.

இதற்கு நேர்மாறாக, வீட்டு டிவியிலேயே நன்றாக வேலை செய்கிற படங்களும் உண்டு. விக்ரம் கே. குமாரின் ‘யாவரும் நலம்’ (2009) நீங்கள் இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது. புது ஃப்ளாட்டுக்குக் குடிவரும் மாதவனுக்கு மட்டும் லிஃப்ட் வேலை செய்யாது. வேறு யாராவது ஏறினால் ஓடும். வீட்டுப் பெண்கள் பார்க்கிற சீரியலில் வரும் குடும்பத்துக்கு நடப்பதெல்லாம் இவர்கள் வீட்டிலும் நடக்கும். தினமும் சீரியல் ஓடுகிற அதே பெட்டியில் இதைப் பார்ப்பது தியேட்டரில் பார்ப்பதைவிட ஒரு படி மேல். ‘டிமான்டி காலனி’ உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்ததற்கும் இதில் பங்கு உண்டு என்பது என் ஊகம். நாலு நண்பர்கள், பூட்டின ஒரே அறை, அங்கே இருக்கிற டிவியில் அவர்களே தெரிகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நீங்களும் ஓர் அறையில் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இரண்டாம் பாகம் 2024 ஆகஸ்டில் வந்தது. அதே அஜய் ஞானமுத்து, அதே அருள்நிதி, கூடப் பிரியா பவானி சங்கர். கதை முதல் பாகத்தோடு ஒட்டியே ஓடுவதால் மறந்திருந்தால் முதல் பாகத்தை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டுப் போடுங்கள். ஒரே அறைக்குள் அடைத்து வைத்த நெருக்கம் இதில் கிடையாது. கதை வெளியே பல இடங்களுக்கு அலைகிறது, கிராஃபிக்ஸும் அதிகம். உங்கள் கணவருக்குப் பிடிக்கும், ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு முதல் பாகம்தான் நல்லது என்று தோன்றும். உங்கள் மாமியார் பாதியில் படுக்கப் போனாலும் எழுப்ப வேண்டாம். அடுத்த வாரம் அவருக்கு ‘யாவரும் நலம்’ போட்டுக்கொடுங்கள்.