அடிபட்டால் நிற்காத ரத்தம்



கீழே விழுந்து முட்டி சிராய்ச்சா கொஞ்ச நேரத்தில் ரத்தம் உறைந்து நின்னுடும். ரத்தத்திலுள்ள உறைதல் காரணிகளே இதற்குக் காரணம். எட்டாவது காரணி குறைந்தால் ஹீமோபிலியா ஏ, ஒன்பதாவது குறைந்தால் ஹீமோபிலியா பி. ஆண் குழந்தைகளில் சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு ஏ வகை வருகிறது. இது தொற்று நோய் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்தா ஒட்டாது.

ஏன் ஆண்களுக்கு அதிகம்?
இக்காரணிகளுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் மற்றது சமாளிக்கும். ஆணுக்கு ஒன்றே ஒன்று. சுமார் மூன்றில் ஒரு பங்கு பேருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இருந்திருக்காது, புதிதாக வரும். அதனால் அம்மாவைக் குறை சொல்வது தவறு.

உள்ளே நடப்பது என்ன?
வெளிக்காயத்தை விட உள் ரத்தக்கசிவுதான் ஆபத்து. முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுக்குள் ரத்தம் கசிந்து வீங்கும். அடிக்கடி வந்தால் மூட்டு தேய்ந்து நடக்க முடியாமல் போகும். தலையில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்து.

செய்யக் கூடாதவை:
1. வீங்கிய மூட்டைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவக் கூடாது.
2. ஆஸ்பிரின் மாத்திரை தரக் கூடாது.

செய்ய வேண்டியவை:
அசையாமல் வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போகணும். குறைந்த காரணியை ஊசியாக ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது இலவசம்.

மாணவிகள் கவனிக்க:
வான் வில்லிபிராண்ட் நோய் என்று இன்னொன்று உண்டு. 1926இல் பின்லாந்து மருத்துவர் ஒருவர் இதை விவரித்தார். இது பெண்களுக்கும் சமமாக வரும். அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்தாலோ, மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் அதிகமாகப் போனாலோ வெட்கப்படாம அம்மாவிடமோ டீச்சரிடமோ சொல்லுங்க.

நமக்குப் பெருமை:
வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்தார்கள். அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, சரியான மரபணுவைச் சேர்த்து, திரும்ப உடம்பில் செலுத்தினார்கள். அதன் பிறகு கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் ரத்தக்கசிவே வரவில்லை என்று 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் உள்ளது.

ஏப்ரல் 17 உலக ஹீமோபிலியா தினம். கபடிக்கு வராத பையனைப் "பயந்தாங்கொள்ளி"னு கேலி செய்யாதீங்க. கேரம், செஸ் விளையாடக் கூப்பிடுங்க.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தேவதானம்