ஊருக்குப் புதிதாக வந்த குடும்பத்துக்குத் துணை நிற்போம்



கர்ப்ப காலப் பராமரிப்பு, தடுப்பூசி, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே வேண்டிய இடைவெளி ஆகியவை பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். அவையெல்லாம் நாலு பேர் தெரிந்த இடத்தில் குடியிருப்பவர்களுக்கு எளிது. பிழைப்புக்காகவோ உயிருக்குப் பயந்தோ ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்துக்கு அவை எளிதா? தெரு தெரியாது, பாஷை தெரியாது, நர்சம்மாவையும் தெரியாது. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு நீங்கள் என்ன உதவி செய்யலாம் என்பதே இந்தப் பாடம்.

“எங்க ஊருக்கு யாருங்க புதுசா வரப் போறாங்க?” என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைகளில் ஒடிசாக் குடும்பங்கள் கல் அறுக்கின்றன. திருப்பூர், கோவைப் பக்கத்து மில்களில் வடமாநிலத்தவர் வேலை செய்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் முகாம்கள் தமிழ்நாடு முழுவதும் இருக்கின்றன. நாளைக்கு உங்கள் மகனும் மருமகளுமே சென்னைக்குக் குடிபோகலாம். அப்போது அவர்கள்தான் அந்தத் தெருவுக்குப் புதியவர்கள்.

நான் பல வருஷம் சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் சுகாதாரக் கல்வி வேலை பார்த்தவள். அங்கே கற்றதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

மந்தைவெளியில் நடந்தது

சுமார் பத்து வருஷத்துக்கு முன் மந்தைவெளியில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தம்பதி அந்தக் கட்டடத்திலேயே தங்கி வேலை செய்தார்கள். புருஷன் பகலில் கொத்து வேலை, ராத்திரியில் காவல். மனைவி சித்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். நான் அவளிடம், “பக்கத்தில் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி இருக்கு, நாளைக்குப் போய்ப் பதிவு பண்ணிக்கோ” என்று கைஜாடையும் அரைகுறை இந்தியுமாகச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். என் கடமை முடிந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து, நாள் ஆகுமுன்பே, நடுராத்திரியில் அவளுக்கு வலி எடுத்தது. புருஷன் 108-க்குப் போன் செய்தார். “எந்த இடம்?” என்று கேட்டார்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ‘சென்னை, பில்டிங்’ என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். இடம் கண்டுபிடித்து வண்டி வருவதற்குள் சிமெண்ட் சாக்குகளின் மேல் குழந்தை பிறந்துவிட்டது. தாய்க்கு உதிரப்போக்கு. குழந்தையின் எடை இரண்டு கிலோகூட இல்லை. தெய்வாதீனமாக இருவரும் பிழைத்தார்கள்.

பிறகு, தமிழ் தெரிந்த ஒரு சிறுவனை வைத்துக்கொண்டு, “நான் சொன்னேனே, ஏன் போகலை?” என்று கேட்டேன். அவள் மூன்று காரணம் சொன்னாள். எந்தத் தெரு என்று தெரியவில்லை. அங்கே போய் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. தேடி அலைந்தால் ஒரு நாள் கூலி போய்விடும்.

அவள் சொன்னது நியாயம்தானே? நான் வாயால் வழி சொன்னேன். காலால் நடந்து கூட்டிப் போகவில்லை. அன்று கற்ற பாடம் இது: புதிதாக வந்தவருக்கு ‘அங்கே போ’ என்று சொல்வது பாதி உதவிகூட இல்லை. முதல் தடவை கூடப் போவதுதான் உதவி.

அதற்குப் பிறகு அந்தத் தெருமுனையில் இஸ்திரி போடும் அம்மாவிடம் பேசினேன். அவரும் இருபது வருஷத்துக்கு முன் விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். “நான் வந்தப்போ எனக்கு யாரும் சொல்லலைம்மா, இவளை நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார். சொன்னபடி செய்தார். ஒவ்வொரு ஊசிக்கும் கூடவே போனார். கட்டடச் சுவரில் தெருப் பெயரையும் அடையாளத்தையும் கரியால் எழுதிவைத்து, புருஷனைப் படித்துச் சொல்லிப் பழகச் செய்தார். ஒன்பதாம் மாத ஊசிவரை அந்தக் குழந்தைக்கு எதுவும் தவறவில்லை.

முன்னே வந்தவர் பின்னே வந்தவருக்கு

இது புது யோசனை இல்லை. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தன. அரசாங்கம் முகாமும் அரிசியும் உதவித்தொகையும் கொடுத்தது. ஆனாலும் புது இடத்தில் வாழ்க்கையை ஊன்றுவதற்கு அவை மட்டும் போதுமா? 1984-ல் எஸ். சி. சந்திரஹாசன் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். ‘ஓஃபர்’ என்றால் பலருக்கும் தெரியும். இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் அவர்.

அதில் தொண்டு செய்தவர்களில் மிகப் பலர் அகதிகளாக வந்தவர்களே என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. முகாம்களில் பிள்ளைகளின் படிப்பு, தாய்மாரின் சத்துணவு, பிறப்புச் சான்றிதழ் என்று அவர்கள் உழைத்தார்கள். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது இந்த அகதித் தொண்டர்கள் நாகப்பட்டினம் கரைக்குப் போய் நம் மக்களுக்கு உதவினார்கள். உதவி வாங்கியவர் என்றைக்கும் வாங்கியவராகவே இருப்பதில்லை.

இன்னொன்றும் யோசியுங்கள். அவர்கள் பேசியதும் தமிழ்தான். ஆனாலும் நாம் ‘பேசுவது’ என்பதை அவர்கள் ‘கதைப்பது’ என்பார்கள். நாம் ‘அழகு’ என்பதை ‘வடிவு’ என்பார்கள். ஒரே பாஷைக்காரருக்கே புது இடத்தில் கூச்சம் என்றால், ஒடியாவும் இந்தியும் நேபாளியும் பேசுகிறவர்களுக்கு எப்படி இருக்கும்?

நீங்கள் செய்ய வேண்டியவை

1. தம்பதியாகப் போங்கள். தெரியாத ஆண் தனியாக வந்து நின்றால் அந்தப் பெண் பயப்படுவாள். மனைவி பெண்ணிடமும், கணவன் ஆணிடமும் பேசட்டும். கையில் கொஞ்சம் கீரையோ முருங்கைக்காயோ கொண்டுபோனால் பாஷை தெரியாவிட்டாலும் பேச்சு தொடங்கிவிடும்.

2. அடையாளம் கற்றுக்கொடுங்கள். ஊர்ப் பெயர், தெரு, பக்கத்துக் கோயில் அல்லது பள்ளிக்கூடம் ஆகியவற்றைச் சுவரில் எழுதி, சொல்லிப் பழகச் செய்யுங்கள். 108 என்ற எண்ணையும் உங்கள் போன் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

3. கர்ப்பிணி இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கூட்டிப் போங்கள். மூன்று மாதத்துக்குள் பதிவு செய்வது நல்லது. தாமதமானாலும் பாதகமில்லை, உடனே போகலாம். பிரசவத்துக்குள் நான்கு தடவையாவது பரிசோதனை, தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் இலவசம். பதிவு செய்தால் கிடைக்கும் ‘பிக்மி’ எண், பிறகு பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் வேண்டும்.

4. குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பாருங்கள். பிறந்தவுடன், ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில், பிறகு ஒன்பது மாதம் முடிந்ததும், ஒன்றரை வயதை ஒட்டியும் ஊசிகள் உண்டு. அட்டை தொலைந்துபோனால் பயப்பட வேண்டாம். நர்சம்மா விசாரித்து, விட்டதிலிருந்து போட ஏற்பாடு செய்வார். ஊசி நாள் பெரும்பாலும் புதன்கிழமை. மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவைத்தால் அரை நாள் கூலி போகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

5. அங்கன்வாடியையும் ரேஷன் கடையையும் காட்டுங்கள். அங்கன்வாடியில் பிள்ளைக்குச் சாப்பாடும் தாய்க்குச் சத்துமாவும் உண்டு. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. வெளிமாநிலக் குடும்பம் தன் ஊர் அட்டையைக் கொண்டே கைரேகை வைத்து இங்கே தானியம் வாங்கலாம். பலருக்கு இது தெரியாது.

6. வேறிடம் போகும்போது அட்டைகளை மறக்காமல் கொடுத்தனுப்புங்கள். மந்தைவெளிக் கட்டடம் முடிந்ததும் அந்தக் குடும்பம் பெரும்பாக்கம் பக்கம் போனது. இஸ்திரி அம்மா பிளாஸ்டிக் கவரில் தாய் சேய் நல அட்டையைப் போட்டு அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாராம். அடுத்த ஊர் நர்சம்மாவுக்கு அந்த அட்டையே பேசும்.

செய்யக் கூடாதவை

பழைய துணியைக் கொடுத்துப் போட்டோ எடுக்காதீர்கள். அவர்கள் மானமுள்ளவர்கள், உழைத்துச் சாப்பிடுகிறவர்கள்.

அகதியாக வந்தவரிடம், “அங்கே என்ன நடந்தது?” என்று துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள்.

“இவங்க வந்துதான் காய்ச்சல் பரவுது” என்று பேசாதீர்கள். கொசுவுக்கும் கெட்ட தண்ணீருக்கும் ஊர் வித்தியாசம் கிடையாது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. அதைப் பார்த்துப் பலர் பயந்து ஊர் திரும்பினார்கள். சரிபார்க்காத செய்தியை ஒருவருக்கும் அனுப்பாதீர்கள்.

குடும்ப நல முறைகளைப் பற்றிச் சொல்லலாம், வற்புறுத்தக் கூடாது. காப்பர்-டி, மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அடிக்கடி இடம் மாறும் பெண்ணுக்கு ஊசித் தேதி தவறிப்போக வாய்ப்புண்டு. இதை நர்சம்மாவிடம் எடுத்துச் சொல்லி, அவர்கள் பாஷை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த முறை வேண்டும், எப்போது வேண்டும் என்பதை அந்தத் தம்பதிகளே தீர்மானிக்கட்டும்.

இருவரும் கலந்து பேசுங்கள்

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கணவனும் மனைவியும் இந்த மூன்று கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

நம் ஊருக்கு இந்த வருஷம் புதிதாக வந்த குடும்பம் எது?

அந்த வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருக்கிறதா?

அடுத்த புதன்கிழமை அவர்களோடு நம்மில் யார் போகப் போகிறோம்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால், இந்தப் பாடத்தை நீங்கள் படித்து முடித்துவிட்டீர்கள் என்று பொருள்.